பேசத் தெரிந்தவள்

கதவுக்குப் பின்னால் ஜோஷ்னா பேசிக்கொண்டிருக்கிறாள். வார்த்தை எதுவும் விளங்கவில்லை, குரல் மட்டும் வருகிறது, முதலில் நின்று நின்று, அப்புறம் தொடர்ச்சியாக, ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது அதை முட்டிக்கொண்டு. இவ்வளவு பேசுவாளா என் மகள். வீட்டில் ம், சரி, தெரில, இந்த மூன்றுதான். பள்ளிக்கூடத்துக் கவுன்சிலர் அறைக்கு வெளியே, நான் இந்த மர பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரமாகிறது. எதிர்ச் சுவரில் சிரிக்கிற முகங்கள் வரைந்த ஒரு படம், மனதில் இருப்பதைப் பேசுவோம் என்று அதன் அடியில் எழுதியிருக்கிறது, ஒரு முகத்தின் கண் உரிந்துபோய்ச் சுண்ணாம்பு தெரிகிறது. மைதானத்தில் விளையாட்டு விழாவுக்கு டிரம் அடித்துப் பழகுகிறார்கள். அந்தச் சத்தம் எழும்போதெல்லாம் உள்ளேயிருந்து வரும் குரல் மூழ்கிப்போகிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், டிரம் நின்றதும் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னைப் பற்றித்தான் சொல்கிறாளா. காலையில் வகுப்பு டீச்சர் போன் செய்து, மேடம் பதறாதீங்க, பெருசா ஒண்ணும் இல்ல, என்று ஆரம்பித்தபோதே எழுந்து நின்றுவிட்டேன். பதறாதீங்க என்று ஆரம்பிப்பவர்களை எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். ஜோஷ்னா மதியச் சாப்பாட்டு நேரத்தில் டாய்லெட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாளாம். மணி அடித்ததும் வெளியே வருகிறாளாம். இது பல மாதமாக நடக்கிறதாம், பி.டி. மிஸ் தற்செயலாகக் கவனித்திருக்கிறார். அங்க என்ன பண்றா, என்று கேட்டேன். சாப்பிடறா மேடம், என்றார் டீச்சர். டிபன் பாக்ஸை மடியில் வைத்து, மூடி போட்ட கம்மோடின் மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவள் பக்கத்தில் உட்கார வகுப்பில் யாரும் இல்லை, அது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது, அதற்காக. நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதம். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன், அது தேவையில்லாத நினைப்பு என்று தெரிந்தும். மூடியைத் திறந்தவுடன் எலுமிச்சை மணம் வருமே, அந்த இடத்தில், அதோடு பினாயில் மணமும் கலந்து.

எனக்கு நண்பர்களைப் பிடிப்பது கஷ்டமாக இருந்ததே இல்லை. அது கஷ்டமில்லை என்பதால்தான் இந்த வேலையே. கம்ப்யூட்டரில் கோட் எழுத எனக்கு வராது, அது எனக்கும் தெரியும், கூட வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் தெரியும். சோழிங்கநல்லூர் சாஃப்ட்வேர் ஆபீஸில் டெஸ்டிங்கில் போட்டிருந்தார்கள். ஒரு நாள் ஹாலந்து க்ளையன்ட் போனில் கத்திக்கொண்டிருந்தான், அறையில் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு என்ன தோன்றியதோ, உங்களுக்கு இன்னைக்குத் தூக்கமே இருந்திருக்காதில்ல, என்றேன். கத்தல் நின்றது. அப்புறம் அவன் குரலே மாறியது. என் மேலாளர் ராகவேந்தர் போனை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்து, இனிமே க்ளையன்ட் கால்ல நீயே பேசும்மா, என்றார். அவ்வளவுதான், அங்கிருந்து ஏறியது எல்லாம். லீட், மேனேஜர், அப்புறம் ஒரு முழு க்ளையன்டுக்கே பொறுப்பு. மற்றவர்கள் புதிது புதிதாகப் படித்துப் பரீட்சை எழுதினார்கள், நான் யாருடைய மனைவிக்கு எந்த மாதம் பிரசவம், யாருக்கு எந்தக் கால்பந்து அணி என்று ஞாபகம் வைத்துக்கொண்டேன். பொய்யாக இல்லை. அதை யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ளப் பிடித்தது. அல்லது பிடித்தது என்று நினைத்தேன். எந்த இடத்தில் பிடித்தது நின்று பழக்கம் ஆரம்பித்தது என்று இப்போது தேடினால் கிடைக்கவில்லை. அப்பாவும் இப்படித்தான், நாகர்கோவிலில் துணிக்கடையில் நின்றார், சேலை வாங்க வந்தவர்களுக்கு அவர் இல்லாமல் முடியாது, அக்கா நிறத்துக்கு இது எடுக்கும் பாத்துக்கிடுங்க, என்று சிரித்துக்கொண்டே விரித்துப் போடுவார். கடையில் அவரைப் பார்த்தவர்கள், உனக்கென்ன குட்டி, அப்பா வீட்டில ஒரே சிரிப்பா இருப்பாரு, என்பார்கள். வீட்டில் அவர் வாயைத் திறக்க மாட்டார். வந்து சட்டையைக் கழற்றிவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார், நாங்கள் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். நான் அவரைப் போல இல்லை என்று நினைத்திருந்தேன். நான் வீட்டிலும் பேசினேனே. நான் பேசிக்கொண்டேதானே இருந்தேன்.

உள்ளே ஒரு சிரிப்பு. அவளுடையதுதான். சின்னச் சிரிப்பு, மூக்கால் வருவது. அதைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்று யோசிக்கிறேன், போன் மடியில் துடிக்கிறது. பிரதாப். என் டீமில் எல்லோரையும்விடப் பழையவன். ஜெஸி, ஹன்னெக்கா மெயில் பாத்தீங்களா, நம்ம எல்லாருக்கும் என்ன ஆகும், என்று எழுதியிருக்கிறான். பார்த்தேன் பிரதாப். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பார்த்தேன். ஹன்னெக்கா, அந்த ஹாலந்துக் காப்பீட்டுக் கம்பெனியில் எங்கள் வேலைக்குப் பொறுப்பானவள். பதினோரு வருடப் பழக்கம். அவளுடைய அப்பா சாகக்கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து என்னைத்தான் அழைத்தாள், வேலை விஷயமாக இல்லை, சும்மா. நான் பேசினேன், அவள் அழுதாள். நான் அப்போது என் கணவர் ஆன்றோவின் தங்கை கல்யாணத்தில் இருந்தேன், பட்டுப்புடவையோடு மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் வாழை இலைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று பேசினேன். தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. ஆன்றோ ஒன்றும் சொல்லவில்லை, அவர் வீட்டில் சொன்னார்கள். இன்றைக்கு அவள் மெயிலில் நாலே வரி. அடுத்த ஒப்பந்தம் இல்லை, வேலையைத் தங்கள் நாட்டுக்கே எடுத்துக்கொள்கிறார்கள், இந்த வருடங்களை எப்போதும் மதிப்பேன், உன் குடும்பத்துக்கு என் அன்பு. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி அந்த நாலு வரியைப் படித்தேன், நல்ல மெயில், அதில் ஒரு இடத்தில்கூட விரலை வைத்து இங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாது. அப்படி எழுத நான்தான் அவளுக்கு, இல்லை, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிரதாப்புக்கு விரல் தானாகப் பதில் அடிக்கிறது. உன் கவலை நியாயமானது, நாம சேர்ந்தே இதைப் பாத்துக்கலாம், நாளைக்குப் பேசுவோம். அனுப்பிய பிறகு படித்துப் பார்க்கிறேன். ஒன்றுமே சொல்லவில்லை நான். அவன் கையெடுத்துக் கும்பிடுகிற படம் ஒன்று அனுப்புகிறான், நன்றி ஜெஸி, இப்ப கொஞ்சம் தெம்பா இருக்கு. ஐயோ பிரதாப். அவனுக்குப் போன ஆவணியில்தான் இரண்டாவது குழந்தை பிறந்தது. டீமில் முப்பது பேர் இருப்பார்கள், எல்லோருடைய வீட்டு விஷயமும் எனக்குத் தெரியும், அதுதான் இப்போது கஷ்டம், பெயர் மட்டும் தெரிந்திருந்தால் இன்னும் சுலபமாகச் சொல்லியிருக்கலாம். என் வேலையும்தான் போகும். எனக்கென்ன வேலை தருவார்கள். கோட் தெரியாது, புதிது எதுவும் கற்கவில்லை, ஹன்னெக்காவைத் தெரியும் என்பதுதான் என் தகுதி. இனி ஹன்னெக்காவையும் தெரியாது.

அவளுக்கு எப்போதிலிருந்து இப்படி. டீச்சர் பல மாதமாக என்றார். பல மாதம் என்றால் எது, ஜூனிலிருந்தா, அதற்கும் முன்னாலா. ஜூனில் நான் ஆம்ஸ்டர்டாம் போயிருந்தேன். திரும்பி வரும்போது சாக்லேட் வாங்கி வந்தேன், ஸ்கூல்ல ஃப்ரெண்ட்ஸுக்குக் குடு, என்று இன்னொரு டப்பாவும். அதை வாங்கிக்கொண்டு போனாள். யாருக்குக் கொடுத்திருப்பாள். அந்த டப்பாவை என்ன செய்திருப்பாள். கேட்டேனே, எல்லாருக்கும் பிடிச்சிருந்துதா, என்று கேட்டேன், பிடிச்சிருந்துதும்மா என்றாள். தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறேன், காரிலேயே விட்டுவிட்டேன். அவள் பிறந்த சமயம் ஆபீஸில் தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் பால் எடுப்பேன், காதில் ஹெட்போன், மறுமுனையில் யாரோ தேதி கேட்டுக்கொண்டிருப்பார்கள், பம்ப்பின் சத்தம் அவர்களுக்குக் கேட்கக்கூடாதே என்று மேலே துப்பட்டாவைச் சுற்றிக்கொள்வேன். அப்புறம் நடக்க ஆரம்பித்தாள், பேச ஆரம்பித்தாள், நான் வீட்டிலிருந்து கால் பேசும்போது கதவருகே வந்து நிற்பாள். நான் உள்ளங்கையைக் காட்டுவேன். பொறு என்று அர்த்தம். சீக்கிரமே புரிந்துகொண்டாள், புத்திசாலி. நாலு வயது இருக்கும், அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள், சத்தம் இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவது. கதவருகே நின்று முழுக் கதையையும் அப்படியே சொல்வாள், கையை ஆட்டி, கண்ணை உருட்டி, ஒரு சத்தமும் இல்லாமல். நான் போனில் பேசிக்கொண்டே அவளுக்குத் தலையாட்டுவேன். கால் முடிந்ததும் கேட்பேன், என்ன மக்ளே சொன்ன. நான் அப்பவே சொல்லிட்டேனே, என்பாள். அதை ஆபீஸில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் சிரிப்பார்கள், ஹன்னெக்காகூடச் சிரித்தாள். ஒரு வருடம் மகளிர் தினத்தில் என்னை மேடையேற்றி வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பேசச் சொன்னார்கள், அங்கும் அதைத்தான் சொன்னேன். கைதட்டினார்கள். அந்தக் கதைகளில் ஒன்றையாவது நான் கேட்டிருக்கலாம். ஒன்றே ஒன்றை.

போன் மறுபடி. ஆன்றோ. ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனியில் ஷிஃப்ட், நடுவில் வர முடியாது, பின்னால் மெஷின் சத்தம் கேட்கிறது. என்ன சொன்னாங்க ஜெஸி, என்கிறார். இன்னும் கூப்பிடல, உள்ள கவுன்சிலர்கிட்டப் பேசிட்டிருக்கா. பேசறாளா, என்கிறார் நம்பாமல். ம், பேசறா. பிறகு, நீ போய் உக்காந்து பேசினா சரியாயிடும், உனக்குத் தெரியாததா, என்றார். ஹன்னெக்கா விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவருக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், சரி வச்சிரட்டா, என்றார். வச்சிருங்க. உனக்குத் தெரியாததா. எல்லோரும் இதையே சொல்கிறார்கள். அக்கம்பக்கத்துச் சண்டைக்கு என்னைக் கூப்பிடுவார்கள், ஆன்றோவின் தம்பி பெண் பார்க்கப் போனபோது என்னைத்தான் முன்னால் உட்கார வைத்தார்கள். வீட்டில் போன மாதம் ஒரு நாள், ஜோஷ்னா சாப்பிடாமல் தட்டைத் தள்ளினாள், நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீ ஏதோ மனசுல வச்சிருக்கேன்னு தோணுது, நான் கேக்கறேன், நீ தயாராகும்போது சொல்லு, என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். க்ளையன்ட்கிட்டப் பேசற மாதிரி எங்கிட்டப் பேசாதம்மா, என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான். களைத்துப்போய்ச் சொன்னாள். எனக்கு வேறு மாதிரிப் பேச வரவில்லை. அன்று படுத்துக்கொண்டு, வேறு மாதிரி என்றால் எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். ஊரில் அம்மா எங்களை, எரப்பாளி, தின்னு தொலை, என்று திட்டுவாள், அதில் ஒரு சூடு இருந்தது. அந்தப் பேச்சை நான் சென்னைக்கு வந்த முதல் வருடமே விட்டுவிட்டேன், போனில் சிரிப்பார்கள் என்று. விட்டதை எடுக்கப் போனால் அங்கே ஒன்றும் இல்லை. ஒருவேளை எல்லோருக்கும் இப்படித்தானோ. ஒருவேளை இல்லையோ.

கதவு திறந்தது. கவுன்சிலர் வைதேகி, சின்னப் பெண், காட்டன் புடவை, என் டீமில் புதிதாகச் சேர்பவர்கள் வயதுதான் இருக்கும். வாங்க மேம், என்றாள். ஜோஷ்னா நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்ததும் காலைக் கீழே இறக்கினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் எனக்குப் பழக்கமில்லாத ஒரு விதத்தில் தெளிந்திருந்தது. மழை விட்டு வெளியே வந்தவள் போல. ஜோஷ்னா உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு சொன்னா, அவளே சொல்லட்டும், என்றாள் வைதேகி. ஜோஷ்னா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஹாஸ்டல்ல சேந்து படிக்கணும்மா, கொடைக்கானல்ல, அடுத்த வருஷம், என்றாள். ஏன் மக்ளே என்று வந்தது தொண்டை வரைக்கும். வெளியே வந்தது, சரிடா, ஏன்னு சொல்றியா. அவள் பேசினாள். இங்க எல்லாரும் ஏற்கனவே க்ரூப்பா இருக்காங்க, எனக்கு உள்ள போகத் தெரியல. அங்க எல்லாரும் புதுசு. அப்புறம், என்று நிறுத்தினாள், வைதேகியைப் பார்த்தாள், வைதேகி தலையசைத்தாள். அப்புறம் வீட்ல எது சொன்னாலும் நீ சரி பண்ணிடுவ. நான் சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடியே சரி பண்ணிடுவ. எனக்கு சரி ஆக வேணாம்மா. கொஞ்ச நாள் சரி ஆகாம இருக்கணும். எங்காவது.

அந்த நொடியில் நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது அழுதிருக்கலாம், அழுகை இருந்தது, கண்ணுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு. அல்லது போ என்று சொல்லியிருக்கலாம். பயம் வந்தது எனக்கு. காலையில் ஒருத்தி நாலு வரியில் போய்விட்டாள், இவளும் போகிறாள், மலைமேல், பேருந்து ஏறி, ஒரு பெட்டியோடு. பயம் வந்தால் என் குரல் தணியும், அது என் கையில் இல்லை, இத்தனை வருடத்தில் அப்படி ஆகிவிட்டது. நீ சொல்றது எனக்குப் புரியுது, என்றேன். இதைச் சொல்ல உனக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு எனக்குத் தெரியும். அப்புறம் நிறுத்தினேன், அவள் நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும். பார்த்தாள். ஹாஸ்டல் வேணாம்னு நான் சொல்லல, என்றேன், அது ஒரு வழி, ஆனா அது ஒண்ணுதான் வழியான்னு நாம சேர்ந்து பாக்கலாமா, இந்த வருஷம் முடியட்டும், நடுவுல வைதேகி மேடம்கிட்ட வாராவாரம் பேசு, அதுக்கு அப்புறமும் உனக்கு இதேதான் தோணுச்சுன்னா நானே உன்னக் கூட்டிட்டுப் போய் ஹாஸ்டலைக் காட்டறேன். நான் பேசப் பேச அவள் தோள் இறங்குவதைப் பார்த்தேன். மறுத்துப் பேச அவளுக்கு நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் நான் முன்னாலேயே அங்கே நின்று சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒருத்தி நிறுத்து நிறுத்து என்று கத்தினாள், நான் நிறுத்தவில்லை, வாக்கியங்கள் ஒவ்வொன்றாக நல்லபடியாக வந்துகொண்டேயிருந்தன. உனக்கு ஓகேவா, என்றேன் கடைசியில். ஜோஷ்னா வைதேகியைப் பார்த்தாள். வைதேகி புன்னகையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஜோஷ்னாவின் முகத்திலிருந்து அந்தத் தெளிவு போனது. சரிம்மா, என்றாள்.

வெளியே வரும்போது வைதேகி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எவ்வளவு அழகாப் பேசினீங்க மேம், எத்தனை பேரன்ட்ஸ் இங்க வந்து கத்துவாங்க தெரியுமா, அவ லக்கி, என்றாள். நன்றி என்றேன். மைதானத்தில் டிரம் ஓய்ந்து பிள்ளைகள் பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு பெண்கள் ஒரே பாட்டிலில் மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தார்கள். ஜோஷ்னா அவர்களைப் பார்க்காமல் நடந்தாள். காருக்குள் அனல். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள், நான் சாவியைத் திருகவில்லை, ஏதாவது சொல்ல வேண்டும், இப்போது சொன்னால் உண்டு, வேலை போகப்போகிறது என்றாவது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றாவது. அதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள். தலையைச் சற்றே சாய்த்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து, சாரிம்மா, உன்ன வேலை நேரத்துல வர வச்சுட்டேன், என்றாள். குரல் என் குரல் மாதிரித் தணிந்திருந்தது, சீராக இருந்தது. முக்கியமான மீட்டிங் ஏதாவது விட்டுப்போச்சா. இல்லடா, என்றேன். நாளைல இருந்து நான் க்ளாஸ்லயே சாப்பிடறேன், நீ கவலப்படாத, நீ பேசினது எனக்கு நெஜமாவே ஹெல்ப் ஆச்சு. சிரித்தாள். பல் எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு. அந்த முகத்தில் எங்காவது ஒரு விரிசல் இருக்காதா என்று தேடினேன், அதன் வழியாகக் கையை விட்டு உள்ளே இருப்பவளைத் தொட்டுவிட மாட்டேனா என்று. நன்றாகச் செய்திருந்தாள். நான் வண்டியைக் கிளப்பினேன், ஏ.சி. கூட்டட்டுமா மக்ளே, என்றேன். எப்படி இருந்தாலும் எனக்கு ஓகேம்மா, என்றாள் ஜோஷ்னா.